தம்பூரா எங்கே, தம்பி?

எங்கள் இல்லத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொழுது விடிந்தது தம்பூராவின் நாதத்தில்தான். வீட்டில் தம்பூரா மீட்டுவோர் எவரும் இலர். 1969-ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கிவந்த இசைத்தட்டுக் கருவியிலிருந்து எழுந்த நாதம் அது. கும்பகோணத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராக இருந்த அவர், பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அக்கருவியையும், அதனுடன் ஒரே ஓர் எல்.பி. இசைத்தட்டையும் வாங்கினார். ஒரு பெரியவர் பாடிய முருகன் பாடல்கள் அடங்கிய தட்டு அது.

நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு என் தாயார் நீராடி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு பூசை அறைக்குள் நுழைவார். கூடத்தில் தந்தையார் தட்டின் விளிம்பில் ஊசியை மெல்ல வைப்பார். முதலில் 'சர்' என்று ஓர் இரைச்சல். அதனூடே தம்பூரா தனியே ஒலிக்கத் தொடங்கும். பாட்டு உடனே வாராது. பதினைந்து நொடியளவு தம்பூரா மட்டுமே. அதற்குள் தாயார் திரியைத் தூண்டி, விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசி, கைகுவித்து நிற்பார். கை குவியும் கணமும் பெரியவரின் குரல் முருகனை அழைக்கும் கணமும் ஒன்றாக இருக்கும். அதில் ஒருநாளும் அவர் பிந்தியதை நான் கண்டதில்லை.

அந்தப் பெரியவரின் பெயரையோ, பிற்காலத்தில் அப்பாடல்களைப் புதுப்பித்து வெளியிட்டவர்களின் பெயரையோ நான் இங்கே குறிப்பிடப்போவதில்லை. பிறரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நான் செய்த பிழையொன்றை அன்பர்கள் முன் சொல்லிக்கொள்வதே நோக்கம்.

அரக்குத் தட்டு முதல் குறுந்தகடு வரை

இறைவனின் புகழ்பாடும் பாடல்கள் கோயில் மண்டபங்களையும் பஜனை மடங்களையும் விட்டு நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்த வரலாறு நூறாண்டுக் காலத்து வரலாறு. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார்கள். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. பெரிய ஊதுகுழல் போன்றதொரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே மெழுகுத் தட்டில் கோடு கீறும். மின்சார ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை 1925-ஆம் ஆண்டில்தான் வந்தது. மென்மையாகப் பாடுவோரின் குரலுக்கும், தம்பூரா போன்ற நுண்ணொலிக் கருவிகளுக்கும் அதன் பிறகே தட்டில் உரிய இடம் கிடைத்தது.

அக்காலத்துத் தட்டுகள் அரக்கினால் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்பவை. கைதவறினால் ஓடுபோல் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில நொடிகளும் மட்டுமே அடங்கும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் அனைத்தையும் பாடி முடித்தாக வேண்டும். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுழன்று, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. நெடிய தோத்திரங்களை இடைமுறியாமல் இல்லத்தில் கேட்பது அதன் பின்னரே கைகூடிற்று. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களம் என நான்கு பகுதிகளில் எழுபது சுலோகங்கள் கொண்ட வேங்கடேச சுப்ரபாதத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய தட்டு 1963-இல் வெளிவந்தது. சூலமங்கலம் சகோதரியர் பாடிய கந்த சஷ்டி கவசமும் அவ்வாறே வீடுதோறும் நிலைபெற்றது. இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்த நம்மில் பலருக்குச் சுலோகம் மனப்பாடமானது புத்தகத்தைப் பார்த்தன்று, தட்டைக் கேட்டு.

பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, இப்போது கைப்பேசிக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டன. எங்கள் வீட்டு இசைத்தட்டுக் கருவியின் உள்ளிருந்த ரப்பர்ப் பட்டை எண்பதுகளின் இறுதியில் அறுந்துபோயிற்று. மாற்றுப் பட்டை கிடைக்கவில்லை. கருவி பரணுக்குப் போயிற்று. தட்டு அதன் உறையோடு தகரப் பெட்டிக்குள் போயிற்று. அதே பாடல்களைக் கொண்ட ஒலிநாடாவை வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டினோம். தந்தையார் 1994-இல் மறைந்தார். நாளடைவில் நாடாவும் இழுபட்டு, பெரியவரின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் ஆகிவிட்டது. அதன்பின் தாயார் மௌனமாகவே விளக்கேற்றினார்.

ஒரு சொல்

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசத்துக்கு முன்தினம், பெங்களூரில் பணிபுரியும் என் மகன் வந்தான். பாட்டிக்கென்று ஒரு சிறு ஒலிக்கருவியை வாங்கி வந்திருந்தான். அந்தப் பெரியவரின் பாடல்கள் 'ரீமாஸ்டர்' செய்யப்பட்டு, அதாவது பழைய பதிவு புதிய முறைகளால் செப்பனிடப்பட்டு, மீண்டும் வெளியாகியிருக்கின்றன என்றும், அவற்றை அக்கருவியில் நிறைத்திருப்பதாகவும் சொன்னான். எனக்கு உள்ளம் பூரித்தது. அப்போது தாயாருக்கு வயது எண்பத்தாறு.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வீட்டினர் அனைவரும் கூடத்தில் கூடிவிட்டோம். தாயார் பூசை அறையில் தீப்பெட்டியைக் கையிலெடுத்தார். மகன் பொத்தானை அழுத்தினான். அழுத்திய மறுகணமே பெரியவரின் குரல் கணீரென்று எழுந்தது. இரைச்சல் சிறிதும் இல்லை. பக்கத்தில் அமர்ந்து பாடுவது போல் அத்துணைத் தெளிவு. "பார்த்தீர்களா!" என்று நான் என் மனைவியைப் பார்த்துப் பெருமிதத்தோடு சொன்னேன்.

தாயார் உரசாத தீக்குச்சியோடு திகைத்து நின்றுகொண்டிருந்தார். விளக்கு ஏற்றப்படவில்லை. குரலோ விருத்தத்தில் பாதி தூரம் போய்விட்டது. பாட்டு முடியும் வரை காத்திருந்து வெளியே வந்தவர், "தம்பூரா எங்கே, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"தொடக்கத்தில் கொஞ்சம் குறைத்திருப்பார்கள், அம்மா. பாட்டுக்குள் இருக்கும்" என்றேன்.

"பாட்டுக்குள்ளும் இல்லையே. குரல் அவருடையதுதான். ஆனால் அவர் எதன்மேல் நின்று பாடுகிறார் என்று தெரியவில்லை. வெறுந்தரையில் நிற்பது போல் இருக்கிறது."

மகன் அன்போடு கொண்டுவந்ததை அவன் முன்னிலையிலேயே குறைசொல்கிறாரே என்று எனக்குச் சினம் மூண்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களுக்கு 'இனிய உளவாக' என்று நாவடக்கம் கற்பித்த தமிழாசிரியன் நான். என் நா அன்று அடங்கவில்லை. "தம்பூரா எங்கும் போகவில்லை, அம்மா. உங்கள் காதுதான் போய்விட்டது" என்று சொல்லிவிட்டேன்.

தாயார் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, தம்பி" என்றார். மறுநாள் காலை நான் கருவியை எடுத்தபோது, "பாட்டு வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று கூறிவிட்டார். அதன்பின் அக்கருவி எங்கள் கூடத்தில் ஒலிக்கவில்லை. பூசை அறையிலிருந்து நடுங்கும் குரலில் தாயார் தாமே முணுமுணுப்பது மட்டும் கேட்கும்.

மாணவர் தந்த விளக்கம்

அவ்வாண்டு ஆனி மாதம் ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்குச் சென்றிருந்தேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார். பேச்சுவாக்கில் இந்நிகழ்ச்சியை அவரிடம் சொன்னேன். வயதானால் காது எப்படி ஏமாற்றுகிறது பார் என்று சொல்வதற்காகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டு உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டு வாங்கி, காதில் ஒலிபேசியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பின்பு, "அம்மா சொன்னதுதான் சரி, ஐயா" என்றார்.

அவர் அன்று எனக்கு விளக்கியதை இயன்றவரை எளிய சொற்களில் தருகிறேன்.

பழைய பதிவுகளில் இரைச்சல் இருப்பது இயல்பு. அதை நீக்கக் கணிப்பொறியில் வழி உண்டு. ஆனால் இரைச்சல் எது, இசை எது என்று கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாது. "நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், ஐயா. பாட்டுத் தொடங்குமுன் உள்ள சில நொடிகளை மாதிரியாகக் காட்டி, 'இதுதான் இரைச்சல். இதே போன்றது பாட்டு முழுவதிலும் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் கழித்துவிடு' என்று சொல்வோம். பெரும்பாலான பதிவுகளில் அந்த நொடிகளில் இரைச்சல் மட்டுமே இருக்கும். நம் பதிவுகளில்..."

"தம்பூரா இருக்கும்" என்றேன் நான்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். அவசரத்தில் யாரோ அந்தத் தொடக்கத்தையே மாதிரியாகக் காட்டியிருக்க வேண்டும். கணிப்பொறி தம்பூராவையும் இரைச்சலென்று கற்றுக்கொண்டு, பாட்டு முழுவதிலும் தேடித்தேடி எடுத்துவிட்டது. பிறகு தொடக்கத்தில் ஒன்றுமில்லாத வெற்றிடமாக இருக்கவே, அதையும் வெட்டிவிட்டார்கள்."

எனக்கு உடல் சிலிர்த்தது. மாறாமல் ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ அது இரைச்சல் என்பது அந்த இயந்திரத்தின் இலக்கணம். மாறாமல் ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ அதுவே ஆதாரம் என்பது நம் சங்கீதத்தின் இலக்கணம். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலிழை வைப்பார்கள். அதற்கு 'ஜீவா' என்று பெயர். அந்த இழை உரிய இடத்தில் அமர்ந்தால்தான் ஒரே தந்தியிலிருந்து பல நுண்ணொலிகள் கிளர்ந்து நாதம் கார்வை பெறும். அந்நுண்ணொலிகள் இழையும் இடத்திலேயே நாடாவின் இரைச்சலும் இழைகிறது. ஒன்றைப் பறிக்கப்போனால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். பயிரோடு பின்னிய களையைப் பறிப்பதற்கு வேண்டிய பொறுமை அங்கே வேண்டும்.

அவர் இன்னொன்றையும் காட்டினார். கணிப்பொறித் திரையில் பாட்டின் ஒலியளவு கோடுகளாகத் தெரிந்தது. புதிய பதிப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில், மதிற்சுவர் போல் இருந்தது. பேருந்திலும் கடைத்தெருவிலும் கேட்கும்போது எடுப்பாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய இடங்களையெல்லாம் உயர்த்தி உரத்த இடங்களுக்குச் சமமாக்கிவிடுகிறார்களாம். எங்கள் தட்டில் பெரியவர் தமக்குள் பேசிக்கொள்வது போல் விருத்தத்தைத் தொடங்கி, படிப்படியாக ஏறி, முருகனின் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரலைத் திறந்து பாடுவார். சுவாமிமலையில் அறுபது படிகளையும் ஏறி முடித்துச் சந்நிதி முன் நிற்பது போல் இருக்கும். புதிய பதிப்பில் படிகளே இல்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சி.

வேகத்தைப் பற்றியும் சொன்னார். பழைய அரக்குத் தட்டுகள் பெயரளவில் 78 சுற்று என்றாலும், தொடக்க காலத்துத் தட்டுகள் பல வெவ்வேறு வேகங்களில் பதியப்பட்டவை. மாற்றிப் பதியும்போது வேகம் பிசகினால் பாட்டின் காலமும் சுருதியும் சேர்ந்தே பிசகும். 78 சுற்றுக்கு நாலரைச் சுற்று கூடிவிட்டாலே சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். பாடகரின் குரல் கீச்சென்று மாறும், கமகங்கள் அவசரப்படும். கேட்பவர்களோ அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள்போலும் என்று எண்ணிக்கொள்வார்கள்.

செப்பனிடுதல் தவறன்று

இவ்வாறெல்லாம் எழுதுவதால், பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதாக அன்பர்கள் கொள்ளலாகாது. தொடாமல் விட்டால் பழையது அழிந்துபோகும். ஒலிநாடாவில் இரும்புத் துகளை ஒட்டவைத்திருக்கும் பசை, நம் நாட்டின் ஈரக்காற்றில் இளகிவிடும். ஓட்டும்போது துகள் உதிர்ந்து, அதனோடு பாட்டும் உதிரும். அத்தகைய நாடாக்களை இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தி, ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுத்துவிடுகிறார்கள். அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் எல்.பி. தட்டினுடையதைவிட அகன்றது. எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அது அடியில் இறங்கி அழுக்கையே தேய்க்கும். ஏற்ற ஊசியைத் தேர்ந்து வைத்தாலே பாதி இரைச்சல் குறைந்துவிடும். இவையெல்லாம் பொறுமையும் அறிவும் வேண்டும் தொண்டுகள்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது நிறையவில்லை. அவர் குரலை இன்று நாம் கேட்பது, அரக்குத் தட்டுகளைப் பேணியவர்களாலும் அவற்றைச் செப்பனிட்டவர்களாலும்தான். கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரின் இளமைக் குரலும் அவ்வாறே நமக்கு எஞ்சியது. அந்தத் தொண்டர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கோயில் திருப்பணியைக் கண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. முன்பு சில கோயில்களில் கற்றூண்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். பிசுக்குப் போயிற்று, கல் பளிச்சென்று ஆயிற்று. அதனோடு சிற்பத்தின் நகமும் நெளியும் மழுங்கின; கல்வெட்டின் எழுத்துகள் தேய்ந்தன. செய்தவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. அழுக்கைப் பார்த்தார்கள், அதன்கீழ் எழுத்து இருப்பதைப் பார்க்கவில்லை.

மறுபுறம் தஞ்சைப் பெரிய கோயிலை எண்ணிப் பாருங்கள். கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கீழுள்ளது பழையது என்பதற்காக மேலுள்ளதைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலுள்ள நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து வேறு பரப்பில் பதித்தார்கள். கீழுள்ள சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. இரண்டும் பிழைத்தன. அதுவும் திருப்பணிதான்.

அன்றியும், திருப்பணி தொடங்குமுன் நாம் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, வேறிடத்தில் வைத்து வழிபட்டு, அதன் பின்னரே கல்லில் கைவைக்கிறோம். ஒலிப்பதிவிலும் அப்படி ஒரு முறை உண்டு என்று என் மாணவர் சொன்னார். முதலில் பழைய தட்டையோ நாடாவையோ, இரைச்சலும் கீறலுமாக உள்ளது உள்ளபடியே ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் தனியே வைத்துவிட வேண்டும். செப்பனிடும் வேலை எல்லாம் அதன் மறுபிரதியில்தான். பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல மூலம் இருக்கும். ஒலிக் காப்பகங்கள் பின்பற்றும் நெறி இதுவே.

மீண்டும் ஐந்து மணி

ஊருக்குத் திரும்பியதும் தாயாரின் அருகில் அமர்ந்தேன். "அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி. தம்பூராவை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அன்று நான் சொல்லத்தகாததைச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்" என்றேன். பல மாதங்களாக நெஞ்சில் வைத்திருந்த சுமையைச் சொல்லி முடிக்க எனக்குக் குரல் எழவில்லை. தாயார் வெகு இயல்பாக, "எனக்குத்தான் தெரியுமே, தம்பி. சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

தகரப் பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தேன். துணியில் சுற்றி, இரு அட்டைகளுக்கிடையே வைத்து, நானே மாணவரிடம் கொண்டுசென்றேன். அவர் தட்டைக் கழுவி உலர்த்தி, நல்ல ஊசி பொருத்திய கருவியில் வைத்தார். முதலில் உள்ளபடியே ஒரு பிரதி. பின்பு மறுபிரதியில் வேலை தொடங்கிற்று. இரண்டாம் பாட்டில் ஓரிடத்தில் 'டக், டக்' என்று ஒரு சத்தம் சுற்றுக்கு ஒருமுறை வந்தது. அது என் இளமையின் கைங்கரியம். கூடத்தில் ஓடியபோது கருவியில் இடித்து, ஊசி தட்டைக் கீறிவிட்டது. தந்தையார் அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கீறலை எடுத்துவிடட்டுமா, ஐயா? பழைய நினைவு என்று விட்டுவைப்போமா?" என்று மாணவர் கேட்டார். நான் சற்றுத் தயங்கி, எடுத்துவிடச் சொன்னேன். இரைச்சலை முற்றிலும் நீக்காமல் மட்டுப்படுத்த மட்டும் செய்தார். தம்பூராவின்மேல் கைவைக்கவில்லை. தொடக்கத்தின் பதினைந்து நொடியும் அப்படியே இருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று காலை ஐந்து மணி. முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. தாயார் பூசை அறைக்குள் போனதும் பொத்தானை அழுத்தினேன். 'சர்' என்ற மெல்லிய இரைச்சல், அதனூடே தம்பூரா. உள்ளே வளையல் ஒலித்தது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவரின் குரல் எழுந்தபோது எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நெற்றியில் நீறு துலங்கிற்று, கைகள் குவிந்திருந்தன.

பாடல்கள் முடியும் வரை தாயார் அங்கேயே நின்றார். வெளியே வந்து அமர்ந்ததும், "அந்த 'டக், டக்' போய்விட்டதே" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "போனது நல்லதுதான், தம்பி. சாமி பாட்டில் அது ஓர் உறுத்தலாகவே இருந்தது" என்று தொடர்ந்தார்.

பழையது என்பதற்காகவே தாயார் பழையதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று. எது அழுக்கு, எது ஆதாரம் என்று ஐம்பது ஆண்டுக் காலம் கேட்ட காது பிரித்தறிந்திருந்தது. அந்தக் காதைத்தான் நான் போய்விட்டது என்று சொன்னேன்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் பழைய தட்டுகளும் நாடாக்களும் இருக்கும். புதியது கிடைக்கிறதே என்று அவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் போட்டுவிடாதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், புத்தகம் போல் நிறுத்திவையுங்கள். வெயிலும் வெப்பமும் படாமல் காத்து, விளிம்பைப் பிடித்தே எடுங்கள். அரக்குத் தட்டைச் சாராயக் கலப்புள்ள எந்தத் திரவத்தாலும் துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். நாடாக்களை ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்லும்போது, "முதற்பிரதி உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். புதிய பதிப்பை வாங்கும்போது தொடக்கத்தையும் மெல்லிய இடங்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தம்பூரா கேட்கிறதா? குரல் ஏறி இறங்குகிறதா? இரைச்சல் இல்லை என்பது மட்டுமே நல்ல பதிவுக்கு இலக்கணமாகாது.

வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர், "முன்புபோல் இல்லையே" என்று சொன்னால், வயதின் புலம்பல் என்று தள்ளிவிடாமல், எது இல்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் மிகச் சரியாகவே பதில் சொல்வார்கள்.

தாயார் அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்தத் தம்பூராவோடு விளக்கேற்றினார். ஒரு கார்த்திகை மாதத்தில், கந்தன் கழலடைந்தார். இப்போது என் மனைவி விளக்கேற்றுகிறாள். விடுமுறைக்கு வந்தபோது என் பேத்தி, "பாட்டு ஏன் உடனே வருவதில்லை, தாத்தா?" என்று கேட்டாள். "அது விளக்கேற்றுவதற்கான நேரம், அம்மா" என்றேன். மறுநாள் காலை பொத்தானை அழுத்தியது அவள்தான். தம்பூரா ஒலிக்கத் தொடங்கியதும், தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பூசை அறைக்குள் ஓடினாள்.